பாண்டியில் கேமரா வாங்கப் போகிறவர்கள் பெட்டியையும் பில்லையும் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள்

சென்ற தீபாவளிக்குப் பத்து நாள் முன்பு, புதுச்சேரி நேரு வீதியிலிருந்து பிரியும் ஒரு சந்தில் உள்ள கடையில், புதியது என்று சொல்லப்பட்ட டிஜிட்டல் கேமரா ஒன்றை 34,500 ரூபாய் கொடுத்து வாங்கினேன். அது புதியதும் அல்ல, இந்தியாவில் விற்பதற்காக வந்ததும் அல்ல, நான் கேட்ட லென்ஸும் அதில் இல்லை என்பது ஒரு மாதத்துக்குள் ஒவ்வொன்றாகத் தெரியவந்தது. கடலூர், பண்ருட்டி, விழுப்புரம் பக்கத்திலிருந்து பாண்டிக்குப் போய்ப் பொருள் வாங்கும் வழக்கம் உள்ளவர்கள் பலர் இருப்பதால், நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன். புகார் கொடுத்திருப்பதால் கடையின் பெயரை இங்கே குறிப்பிடவில்லை.

கேமரா வாங்க இரண்டு காரணங்கள் இருந்தன. மகளின் பள்ளி ஆண்டு விழாவில் நான் கைப்பேசியில் எடுத்த படங்களில், மேடையில் ஆடிய பன்னிரண்டு குழந்தைகளில் எது எங்கள் குழந்தை என்று அவளுடைய பாட்டிக்கே அடையாளம் தெரியவில்லை. அடுத்ததாக, கார்த்திகையில் அப்பாவுக்குத் திருக்கடையூரில் அறுபதாம் கல்யாணம் வைத்திருந்தோம். சீட்டு எடுத்த பணத்தில் 40,000 ரூபாயை இதற்கென்று ஒதுக்கினேன். "அந்த ஒரு நாளைக்கு ஒரு போட்டோகிராபரைக் கூப்பிட்டா போதாதா?" என்று மனைவி கேட்டது நியாயமான கேள்விதான் என்பதை இப்போது ஒப்புக்கொள்கிறேன்.

ஆறு வாரம் படித்தேன். ஆறாயிரம், ஏழாயிரம் ரூபாய்க்கு '64 மெகாபிக்சல், 4கே' என்று கொட்டை எழுத்தில் விளம்பரம் செய்யப்படும் சிறு கேமராக்களில் பலவற்றின் சென்சார் (ஒளியைப் படமாக்கும் சில்லு) உண்மையில் அத்தனை மெகாபிக்சல் கொண்டதே அல்ல, இருக்கிற புள்ளிகளுக்கு நடுவே மென்பொருள் புதுப் புள்ளிகளை இட்டு நிரப்பி எண்ணிக்கையைக் கூட்டிக் காட்டுகிறது என்பதைப் புரிந்துகொண்டேன். சாதாரண பாக்கெட் கேமராக்களில் பெரும்பாலும் இருக்கும் சென்சாரின் பரப்பு ஏறக்குறைய 28 சதுர மில்லிமீட்டர், லென்ஸைக் கழற்றி மாற்றக்கூடிய தொடக்கநிலை டி.எஸ்.எல்.ஆர். கேமராவில் அது 330 சதுர மில்லிமீட்டருக்கு மேல். மங்கலான வெளிச்சத்தில் குழந்தையின் முகம் முகமாக வருவதற்கு மெகாபிக்சலைவிட இந்தப் பரப்புதான் உதவும் என்று தெரிந்த பிறகு, 24.1 மெகாபிக்சல் கொண்ட கேனன் 1500டி என்ற கேமராவை, நடுக்கத்தைத் தாங்கும் வசதியுள்ள 18-55 மில்லிமீட்டர் ஐ.எஸ். லென்ஸோடு வாங்குவது என்று முடிவு செய்தேன். இதுவரை நான் செய்ததில் தவறு ஒன்றும் இல்லை. எந்தக் கேமரா என்பதற்கு ஆறு வாரம் செலவழித்தவன், கையில் வந்த பெட்டியைப் பார்க்க ஐந்து நிமிடம்கூடச் செலவழிக்கவில்லை என்பதில்தான் தவறு தொடங்கியது.

பாண்டிக்கு ஏன் போனேன் என்பதையும் சொல்லியாக வேண்டும். 'பாண்டியில் விலை குறைவு' என்பது எங்கள் ஊரில் தாத்தா காலத்துப் பேச்சு. விற்பனை வரி ஒவ்வொரு மாநிலத்துக்கும் ஒவ்வொரு மாதிரி இருந்த காலத்தில் அதில் அர்த்தம் இருந்தது. 2017 ஜூலை 1 முதல் ஜி.எஸ்.டி. வந்துவிட்டதால் கேமராவுக்குக் கடலூரிலும் அதே 18 சதவீதம்தான், புதுச்சேரியிலும் அதே 18 சதவீதம்தான். பெட்ரோலும் மதுவும் ஜி.எஸ்.டி.க்கு வெளியே இருப்பதால் அவற்றில் மட்டும் வித்தியாசம் நிற்கிறது. ஆகவே, எல்லையில் உள்ள முள்ளோடையைத் தாண்டியதும் கேமராவின் விலை ஐயாயிரம், ஆறாயிரம் இறங்குகிறது என்றால் அந்தப் பணம் எங்கிருந்து குறைகிறது என்று யோசித்திருக்க வேண்டும். நான் கடலூர் மஞ்சக்குப்பத்தில் பஸ் ஏறும்போது, மிச்சமாகும் பணத்தில் பையும் கேமரா முக்காலியும் வாங்கலாம் என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன்.

கடையில் இருந்த இளைஞர் மிகவும் பணிவாகப் பேசினார். 1500டி என்று கேட்டதும் ஒரு பெட்டியை எடுத்து வைத்தார். அதன் மேல் 2000டி என்று அச்சிட்டிருந்தது. "சார், 1500 பழைய மாடல். இது அதுக்கு அடுத்தது. உங்களுக்காக அதே விலைக்குத் தர்றேன்," என்றார். எண் பெரிதாக இருந்ததால் நானும் நம்பினேன். உண்மையில் இரண்டும் ஒரே கேமராதான்; இங்கே 1500டி என்றும், ஐரோப்பாவில் 2000டி என்றும், அமெரிக்காவில் ரெபல் டி7 என்றும் வெவ்வேறு பெயர்களில் விற்கப்படுகிறது. அதாவது, அந்தப் பெயரே அது எந்தச் சந்தைக்காகப் பெட்டியில் அடைக்கப்பட்டது என்பதைச் சொல்லிக்கொண்டிருந்தது. சென்சாரின் பரப்பை மில்லிமீட்டர் கணக்கில் மனப்பாடம் செய்திருந்த எனக்கு இது தெரியவில்லை.

பெட்டிக்குள் இருந்த கையேடு பிரெஞ்சிலும் ஜெர்மனிலும் இருந்தது. பாண்டிச்சேரியில் பிரெஞ்சு இருப்பது இயல்புதானே என்றுகூட ஒரு கணம் நினைத்தேன். இதைக் கேட்டு என் மைத்துனர் இன்றுவரை சிரிக்கிறார். பெட்டியின் ஒரு பக்கத்தில் ஏதோ ஒரு ஸ்டிக்கரைச் சுரண்டி எடுத்த பசைத் தடம் தெரிந்தது. இறக்குமதியாளரின் பெயரும் முகவரியும், அதிகபட்ச சில்லறை விலையும், இறக்குமதி செய்யப்பட்ட மாதமும் வருடமும், புகார் தெரிவிப்பதற்கான தொலைபேசி எண்ணும் அச்சிட்ட ஸ்டிக்கர் எந்தப் பக்கத்திலும் இல்லை. சட்டமுறை எடையளவு (பொட்டலப் பொருட்கள்) விதிகள், 2011இன்படி இந்த விவரங்கள் இல்லாமல் இறக்குமதிப் பொருளைப் பெட்டியில் வைத்துச் சில்லறையில் விற்கக் கூடாது. பிஸ்கட் பாக்கெட்டில்கூட விலையையும் மாதத்தையும் தேடிப் பார்க்கிற நான், முப்பதாயிரத்துக்கு மேல் விலையுள்ள பொருளின் பெட்டியில் அவற்றைத் தேடவில்லை.

பணம் கட்டும் நேரம் வந்தது. "பில் போட்டா ஜி.எஸ்.டி. தனியா சேரும் சார், நாற்பதாயிரத்தைத் தாண்டிடும். எஸ்டிமேட்ல எழுதிடட்டுமா? வாரண்டிக்கு நம்ம கடை சீல் இருக்கு," என்றார். தலையாட்டினேன். பாதிப் பணத்துக்கு மேல் ரொக்கமாகக் கேட்டதால் ஏ.டி.எம்.மில் 20,000 எடுத்துக் கொடுத்தேன்; மீதி 14,500 ரூபாயை ஜிபேயில் அனுப்பியபோது திரையில் வந்தது கடையின் பெயர் அல்ல, ஒரு தனிநபரின் பெயர். ஒரு பை, ஒரு மெமரி கார்டு, லென்ஸ் துடைக்கும் துணி ஆகியவற்றை 'ஃப்ரீ' என்று சொல்லிக் கொடுத்தார்கள். அன்று மாலை கடற்கரைச் சாலையில் காந்தி சிலைக்கு எதிரே உட்கார்ந்து, பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு கடலைப் பார்த்த நிம்மதி இப்போதும் நினைவிருக்கிறது.

வீட்டுக்கு வந்து மகளை எடுத்த முதல் படத்தைக் கணினியில் ஏற்றியபோது, அந்தக் கோப்பின் எண் 6214 என்று இருந்தது. புதுக் கார்டைப் போட்ட புதுக் கேமராவில் முதல் படம் 0001 என்றே தொடங்க வேண்டும். முன்பு எடுத்த படங்களின் எண்ணிக்கையைக் கேமரா நினைவில் வைத்துத் தொடர்வதால்தான் இப்படிப் பெரிய எண் வரும். கடையில் சோதனைக்காகச் சில படங்கள் எடுத்திருப்பார்கள் என்று நானே ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டேன். ஆறாயிரம் படங்களை எடுத்தா ஒரு கேமராவைச் சோதிப்பார்கள் என்று அப்போது தோன்றவில்லை.

தீபாவளியன்று வீட்டுக்குள் எடுத்தவற்றில் பாதிக்கு மேல் கலங்கியிருந்தன. என் கை நடுக்கம்தான் காரணம் என்று முழங்கையை விலாவோடு ஒட்டிவைத்துப் பழகினேன். 55 மில்லிமீட்டரில், அதாவது முழு ஜூமில், இந்த அளவு சென்சாரில், நடுக்கத்தைத் தாங்கும் வசதி இல்லாத லென்ஸ் என்றால் ஷட்டர் திறந்து மூடும் வேகம் நொடியில் நூறில் ஒரு பங்காவது இருந்தால்தான் கையில் பிடித்துத் தெளிவாக எடுக்க முடியும். ட்யூப் லைட் வெளிச்சத்தில் என் கேமரா இருபதில் ஒரு பங்குக்கு இறங்கிக்கொண்டிருந்தது. நான்தான் ஐ.எஸ். லென்ஸ் வாங்கியிருக்கிறேனே என்ற நம்பிக்கையில் லென்ஸின் பக்கவாட்டைத் திருப்பிப் பார்க்கவே இல்லை. ஐ.எஸ். லென்ஸில் இரண்டு சுவிட்சுகள் இருக்கும்: ஒன்று ஃபோகஸ் தானாகவா கையாலா என்பதற்கு, மற்றொன்று ஸ்டெபிலைசர் என்று எழுதியது. என்னுடையதில் ஒரே ஒரு சுவிட்சுதான் இருந்தது. பார்ப்பதற்கு அச்சு அசல் ஒன்றுபோலவே இருக்கும், ஆனால் ஐ.எஸ். இல்லாத மலிவான லென்ஸ் அது.

திருக்கடையூரில் நடந்ததை எழுதக் கை கூசுகிறது. கலசாபிஷேகம் முடிந்து, ஈரம் காயாத தலையோடு அம்மாவும் அப்பாவும் உட்கார்ந்திருந்தார்கள். மண்டபத்தின் திறந்த பக்கத்திலிருந்து காலை வெயில் நேராக அவர்கள் மேல் விழுந்தது. எப்போது தாலி எடுப்பார்கள் என்று ஒரு காலை மடக்கிக் காத்திருந்தேன். அப்பா தாலியைக் கையில் எடுத்தார், நான் பொத்தானை அழுத்தினேன், திரை கறுத்து 'எர்ர் 01' என்று வந்தது. கேமராவுக்கும் லென்ஸுக்கும் இடையே தொடர்பு சரியில்லை, லென்ஸின் தொடுமுனைகளைத் துடைக்கவும் என்று கீழே ஆங்கிலத்தில் அறிவுரை. லென்ஸைக் கழற்றி வேட்டி முனையால் துடைத்து மறுபடி மாட்டுவதற்குள் மூன்று முடிச்சும் விழுந்து, அட்சதையும் விழுந்து, அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்துவிட்டார்கள். "டேய், என்னைப் பார்த்து ஒண்ணு எடுடா," என்று அப்பா சிரித்தபடி கூப்பிட்டபோதும் அதே எழுத்துதான் வந்தது. தாலி கட்டும் படம் என்று இன்று வீட்டில் இருப்பது, தங்கை மகன் தன் கைப்பேசியில் கூட்டத்துக்கு மேலே கையை நீட்டி எடுத்தது மட்டும்தான்.

மறு வாரம் சென்னையில் கேனன் நிறுவனத்தின் சேவை மையத்துக்குப் போனேன். அங்கே இருந்தவர்கள் மரியாதையாகவே நடந்துகொண்டார்கள். கேமராவைத் தயாரித்த நிறுவனத்தின் மீது எனக்கு எந்தக் குறையும் இல்லை. அடிப்பக்கத்து வரிசை எண்ணைப் பார்த்த ஊழியர், இது இந்தியாவுக்கு வந்த சரக்கு இல்லை, எனவே இங்கே வாரண்டி செல்லாது என்றார். லென்ஸுக்குள் ஒளி நுழையும் திறப்பைச் சுருக்கும் பகுதிக்குப் போகும் மெல்லிய பட்டைக் கேபிள், பலகாலம் ஜூம் செய்ததில் தேய்ந்து விரிசல் விட்டிருக்கிறது என்பதையும் அவரே சொன்னார். வீட்டுக்குள் மங்கலான வெளிச்சத்தில் லென்ஸ் முழுதாகத் திறந்தபடி இருந்ததால் படம் எடுத்திருக்கிறது. வெயிலில் திறப்பைச் சுருக்க முயன்ற நொடியில் நின்றிருக்கிறது. பழுதுபார்க்கும் செலவு, அதே லென்ஸைப் பழையதாக வாங்கும் விலையைத் தொடும் என்றார்.

வாங்கிய இருபத்தெட்டாம் நாள் கடைக்குப் போனேன். பணிவாகப் பேசிய இளைஞர் அன்று இல்லை. கல்லாவில் இருந்த பெரியவர் எஸ்டிமேட் சீட்டை வாங்கிப் பார்த்து, "இது நம்ம பில்லே இல்லையே தம்பி, இதுல கடை பேர் எங்க இருக்கு?" என்றார். உண்மைதான். சீட்டில் பொருளின் பெயரும் தொகையும் தேதியும் மட்டுமே இருந்தன. 'சீல்' என்று சொன்னது வாரண்டி அட்டையில் குத்திய, எழுத்துத் தெரியாத ஒரு நீல வட்டம்.

பில் இல்லாததால் ஒன்றும் செய்ய முடியாது என்றுதான் நானும் நினைத்தேன். ஆனால், நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019இன்படி பில் கொடுக்காமல் விற்பதே முறையற்ற வணிக நடவடிக்கை. பழுதான பொருளை, பில்லில் காலக்கெடு எதுவும் குறிப்பிடாத நிலையில், முப்பது நாளுக்குள் திரும்ப எடுத்துக்கொள்ள மறுப்பதும் அப்படியே. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதிவு செய்து, கடைக்கு ஸ்பீட் போஸ்ட்டில் நோட்டீஸ் அனுப்பினேன். கடை புதுச்சேரியில் இருந்தாலும், வாங்கியவர் குடியிருக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே புகார் கொடுக்க இந்தச் சட்டம் இடமளிப்பதால், கடலூரிலேயே மனுக் கொடுத்திருக்கிறேன். ஐந்து லட்சம் ரூபாய் வரையுள்ள பொருளுக்குக் கட்டணம் கிடையாது. இரண்டு ஆண்டுக்குள் கொடுக்க வேண்டும். ஜிபே பதிவும், எஸ்டிமேட் சீட்டும், சேவை மையம் எழுதிக் கொடுத்த தாளும், எண் 6214 கொண்ட அந்த முதல் படமும்தான் என் சாட்சியங்கள். ரொக்கமாகக் கொடுத்த 20,000 ரூபாய்க்கு ஏ.டி.எம். சீட்டு ஒன்றைத் தவிர வேறு சான்று இல்லை.

இனி வாங்கப் போகிறவர்கள், பெட்டியில் இறக்குமதியாளர் ஸ்டிக்கர் இல்லையென்றால் அங்கேயே வைத்துவிட்டு வெளியே வந்துவிடுங்கள். பெட்டியிலும், கேமராவின் அடியிலும், பில்லிலும் ஒரே வரிசை எண் இருக்கிறதா என்று விரல் வைத்துப் பாருங்கள். பில்லில் பதினைந்து இலக்க ஜி.எஸ்.டி. எண் இருக்க வேண்டும். அது புதுச்சேரிக் கடை என்றால் 34 என்றும், தமிழ்நாட்டுக் கடை என்றால் 33 என்றும் தொடங்கும். நீங்களே கொண்டுபோன காலிக் கார்டைப் போட்டு, கடை வாசலில் வெயிலில் ஒரு படமும் உள்ளே ஒரு படமும் எடுத்து, கோப்பின் எண்ணைப் பாருங்கள். எண்ணைப் பழையபடி ஒன்றாக மாற்றி வைக்க மெனுவிலேயே வழி இருப்பதால், 0001 என்று வந்துவிட்டாலே புதியது என்று நம்பிவிடவும் முடியாது. லென்ஸ் மாட்டும் வளையத்தில் கீறல் இருக்கிறதா என்பதையும் பாருங்கள், பல முறை கழற்றி மாட்டிய உலோகம் மறைக்காது. பழைய கேமராவை, பழையது என்று சொல்லி, அதற்குரிய விலைக்கு விற்றால் வாங்குவதில் தவறில்லை. இதே கேமராவைப் பதினைந்தாயிரத்துக்குப் பழையதாகக் கொடுத்திருந்தால் நானே மகிழ்ச்சியோடு வாங்கியிருப்பேன்.

நோட்டீஸ் போன பிறகு கடையிலிருந்து ஒருவர் தொலைபேசியில் அழைத்து, கேமராவை நானே வைத்துக்கொள்ளலாம், பத்தாயிரம் தருகிறோம், மனுவைத் திரும்பப் பெற்றுக்கொள்ளுங்கள் என்றார். எழுத்தில் கொடுங்கள் என்றேன். அதற்குப் பிறகு அழைப்பு வரவில்லை. கேமரா இப்போது பெட்டியோடும் பிரெஞ்சுக் கையேட்டோடும் பீரோவில் இருக்கிறது. மனு முடியும்வரை அதைத் தொடக் கூடாது என்று வழக்கறிஞர் சொல்லியிருக்கிறார். மாசி மகத்துக்குத் தேவனாம்பட்டினம் போகும்போது தங்கை மகனையும் அவனுடைய கைப்பேசியையும் கூட்டிப் போவதாக இருக்கிறோம்.