இடார்-ஓபர்ஸ்டைன்: சுரங்கம், சாணைப்பட்டறை, அருங்காட்சியகம், அதன்பிறகே கடைத்தெரு

ஜெர்மனியின் தென்மேற்கே, நாஹே ஆற்றங்கரையில் செங்குத்துப் பாறைகளின் அடிவாரத்தில் அமைந்துள்ள இடார்-ஓபர்ஸ்டைன், ரத்தினக்கல் செதுக்கும் கலைக்கு உலக அளவில் பெயர் பெற்ற ஊராகும். இங்கு வருவோரில் பலர் கடைத்தெருவில், நிற அடுக்குகள் வளையங்களாக ஓடும் அகேட் என்னும் கல்லில் ஒரு வில்லையை வாங்கிக்கொண்டு, பாறைக்குழிவில் 1482 முதல் 1484 வரை கட்டப்பட்ட தேவாலயத்தை அண்ணாந்து பார்த்துவிட்டு, அடுத்த ரயிலைப் பிடித்துவிடுகிறார்கள். அப்படிப் போவதானால் இவ்வளவு தூரம் வர வேண்டியதில்லை. மலைமேல் உள்ள ஸ்டைன்கௌலன்பெர்க் சுரங்கம், டீஃபன்ஸ்டைன் பகுதியில் ஓடையோரம் இருக்கும் வையர்ஷ்லைஃபே என்ற பழைய சாணைப்பட்டறை, இடார் பகுதியின் பிரதான சாலையில் அமைந்த ஜெர்மன் ரத்தினக்கல் அருங்காட்சியகம் ஆகிய மூன்றையும் இதே வரிசையில் பார்ப்பவருக்குத்தான் இந்த ஊர் எதனால் இப்படி ஆனது என்பது பிடிபடும். அருங்காட்சியகத்தில் தொடங்கினால் அழகான பொருள்களைப் பார்த்த மகிழ்ச்சி மட்டுமே மிஞ்சும். அந்தப் பொருள்களுக்குப் பின்னால் இருக்கும் உழைப்பும் கணக்கும் கண்ணில் படாமல் போய்விடும்.

சுரங்கத்துக்குள் வழிகாட்டியுடன்தான் செல்ல முடியும். கோடையிலும் உள்ளே குளிரும் என்பதால் ஒரு கம்பளிச் சட்டை அவசியம். தலை இடிக்கும் இடங்களும் உண்டு. ஏறத்தாழ 28 கோடி ஆண்டுகளுக்கு முன் இங்கே வழிந்து உறைந்த எரிமலைக் குழம்பில் சிக்கிய வாயுக் குமிழ்கள் பொந்துகளாக நின்றுவிட்டன. சிலிக்கா கரைந்த நீர் அவற்றுக்குள் காலங்காலமாகக் கசிந்து அடுக்கடுக்காகப் படிந்து அகேட் ஆயிற்று. பொந்தின் நடுவே இடம் எஞ்சியிருந்தால் செவ்வந்திக்கல்லும் புகைநிறப் படிகமும் முனை நீட்டி வளர்ந்தன. இவற்றைப் பாடநூலில் படிப்பதற்கும், விளக்கொளியில் பழுப்புப் பாறையின் நடுவே உள்ளங்கை அகலத்துக்குச் சாம்பலும் சிவப்புமாக ஒரு வளையத்தை நேரில் காண்பதற்கும் மிகுந்த வேறுபாடு இருக்கிறது. வெட்டியெடுக்கப்படாமல் சுவரிலேயே விடப்பட்டிருக்கும் அந்தக் கற்களைப் பார்க்கும்போது, இவற்றில் செதுக்குவதற்கு ஏற்ற அளவும் விரிசலின்மையும் கொண்டவை எவ்வளவு குறைவு என்பது சொல்லாமலே விளங்குகிறது. சுத்தியலும் உளியும் கொண்டு, எண்ணெய் விளக்கொளியில், கடினப் பாறையைப் பெயர்த்து ஒரு கல்லைக் கண்டவர்கள், அதன் உள்ளே வெடிப்பு ஓடியிருந்தால் அன்றைய உழைப்பு முழுவதையும் இழந்தார்கள்.

இந்த வட்டாரத்தில் ரத்தினக்கல் எடுக்கப்பட்டதைக் குறிக்கும் ஆவணங்கள் 1375ஆம் ஆண்டு வரை பின்னோக்கிச் செல்கின்றன. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சுரங்கத் தொழில் நின்றுபோனது. சுரங்கத்தின் அருகிலேயே பார்வையாளர்கள் தாமே தோண்டிக் கல் தேடுவதற்கென ஒரு திடலும் உண்டு. குழந்தைகளோடு வருபவர்கள் முன்பதிவு செய்துகொண்டால் அரை நாள் இனிமையாகக் கழியும். சுரங்கம் குளிர்காலத்தில் மூடப்பட்டிருக்கும் என்பதால், பயணத்தை வசந்தத்துக்கும் இலையுதிர் காலத்துக்கும் இடையில் வைத்துக்கொள்வது நல்லது.

மூன்றில் எனக்கு மிகவும் பிடித்தது சாணைப்பட்டறைதான். ஒரு காலத்தில் இடார் ஓடையை ஒட்டி நூற்றுக்கும் மேற்பட்ட சாணைப்பட்டறைகள் நீர்ச்சக்கரத்தால் இயங்கின. மின்சாரம் வந்த பிறகு அவை ஒவ்வொன்றாக மறைந்தன. வையர்ஷ்லைஃபேயில் அந்த முறை இன்றும் செயல்முறையாகக் காட்டப்படுகிறது. வெளியே நீர் விழுந்து சக்கரம் சுழல, மரத்தாலான அச்சும் பற்சக்கரங்களும் அதிர்ந்து, உள்ளே ஆளுயரத்தை எட்டும் மணற்கல் சாணைகள் நீர் சொட்டச் சொட்டச் சுற்றுகின்றன. சாணைக்கு முன்னால் இருப்பது நாற்காலி அன்று. மார்பும் வயிறும் பதியும்படி குடைந்த ஒரு தாழ்வான மரத்தாங்கி. சாணை பிடிப்பவர் அதன்மேல் குப்புறக் கவிழ்ந்து, தரையில் அடித்திருக்கும் கட்டையில் பாதங்களை உதைத்து, உடலின் முழு விசையையும் கைகளின் வழியே கல்லுக்குச் செலுத்துகிறார். கனிமங்களின் கடினத்தை 1 முதல் 10 வரை மதிப்பிடும் மோஸ் அளவில் அகேட்டின் கடினம் 6.5 முதல் 7 வரை; எஃகுக் கத்தியால் அதில் கீறல் போட முடியாது. இத்தகைய கல்லை மணற்கல்லில் தேய்க்கக் கைவலிமை போதாது என்பதனால்தான் இப்படியொரு கிடை ஏற்பட்டது. கல் சாணையில் அழுந்தும் இடத்தைச் சற்றுக் குனிந்து பார்த்தால், தண்ணீருக்கு நடுவிலும் ஒரு மங்கிய செந்நிற ஒளி தோன்றி மறைகிறது. அது சூட்டுப் பொறி அன்று; உராய்வினால் படிகத்துக்குள் எழும் ஒளி.

வேடிக்கை பார்ப்பவருக்கு அது சில நிமிடக் காட்சி. அன்றைய தொழிலாளிக்கு அது வாழ்நாள் முழுவதும் தொடர்ந்த கிடை. குளிர்காலத்திலும் நீர் தெறித்து நனைந்த உடையுடன், நெஞ்சு அழுந்தியபடி, கல்தூளைச் சுவாசித்துக்கொண்டு பகல் முழுவதும் வேலை செய்தவர்களுக்கு நுரையீரல் நோய் வருவது வழக்கமாக இருந்தது. சுழலும் சாணை பிளந்து சிதறி உயிர் பறித்ததும் உண்டு. நம் நாட்டில் குஜராத்தின் கம்பாத்தில் ரத்தன்பூர் அகேட்டை மண்பானையில் சுட்டுச் சிவப்பாக்கி மணி செய்யும் தொழில் மிகப் பழமையானது. அங்கே சிலிக்கா தூசியால் வரும் நுரையீரல் நோய் இன்றும் தீராத சிக்கலாக இருப்பதை அறிந்தவர்களுக்கு, இந்தப் பட்டறையில் நிற்கும்போது அழகைவிட அதுதான் முதலில் நினைவுக்கு வரும்.

இந்த ஊரின் வரலாற்றில் எனக்கு மிகவும் வியப்பாக இருப்பது, சொந்த மலையில் கல் வற்றத் தொடங்கிய காலத்தில்தான் கைத்திறன் உச்சத்தை நோக்கி நகர்ந்தது என்பது. வறுமையால் பிரேசிலுக்குக் குடிபெயர்ந்த இந்த வட்டாரத்தார் 1827இல் அந்நாட்டின் தெற்கேயுள்ள ரியோ கிராண்டே டோ சுல் பகுதியில் அகேட் கிடப்பதைக் கண்டார்கள். 1834இல் முதல் சரக்கு ஊர் வந்து சேர்ந்தது. திரும்பும் கப்பல்களுக்கு அடிப்பாரமாகவே இந்தக் கற்கள் ஏற்றப்பட்டதால் போக்குவரத்துச் செலவும் பெரிதாக இல்லை. பிரேசில் அகேட் அளவில் பெரியது. அதன் அடுக்குகள் நேராகவும் சீராகவும் இருந்தன. எல்லாவற்றுக்கும் மேலாக, அது சாயத்தை நன்றாக வாங்கியது.

சாயம் என்றதும் முகம் சுளிக்க வேண்டியதில்லை. இந்தக் கலைக்கு அடித்தளமே அதுதான். அகேட்டின் சில அடுக்குகளில் கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் உண்டு. சில அடுக்குகள் இறுகியவை. கல்லைத் தேன் அல்லது சர்க்கரைக் கரைசலில் நாள்கணக்கில் ஊறவைத்து, பின்னர் கந்தக அமிலத்தில் இட்டால், துளைகளுக்குள் புகுந்த சர்க்கரை கருகி அந்த அடுக்கு மட்டும் கன்னங்கரேலென ஆகிறது. இறுகிய அடுக்கு வெள்ளையாகவே நிற்கிறது. கருப்பின்மேல் வெள்ளை இப்படி ஒரே கல்லில் அமையும்போதுதான் கேமியோ எனப்படும் புடைப்புச் செதுக்கத்துக்கு உரிய பலகை கிடைக்கிறது. இரும்புச் சேர்மம் ஏறிய அகேட்டைச் சுட்டால் அது சூதுபவளம் போலச் சிவக்கிறது.

இவ்வளவையும் தெரிந்துகொண்ட பிறகு அருங்காட்சியகத்துக்குள் நுழைந்தால், கண்ணாடிப் பேழைகளின் முன் நிற்கும் நேரம் தானாகவே நீள்கிறது. பழைய மாளிகை ஒன்றில் அமைந்த இதில் காட்சிப்பொருள்களின் எண்ணிக்கை ஏறத்தாழ 10,000. பட்டை தீட்டிய கற்களின் வண்ண வரிசைகளை விரைவாகக் கடந்துவிடலாம். அத்தகைய தொகுப்புகள் வேறு பல நகரங்களிலும் உண்டு. நிற்க வேண்டிய இடம் செதுக்கு வேலைகள் உள்ள பகுதியாகும். ஒரு கேமியோவில் பெண்ணின் பக்கவாட்டு முகம் இருப்பதாகக் கொள்வோம். நெற்றியிலும் கன்னத்திலும் வெள்ளை அடுக்கு தடிமனாக விடப்பட்டுப் பளிச்சென்று நிற்கும். தாடையின் கீழும் காதின் பின்னும் அதே வெள்ளை காகிதத் தடிமனுக்குத் தேய்க்கப்பட்டிருப்பதால், அடியிலுள்ள கருப்பு ஊடுருவி நீலம் பூத்த நிழலாகத் தெரியும். வண்ணம் ஏதும் பூசாமல் தடிமனைக் கொண்டே நிழல் தீட்டும் வேலை இது. ஒரு மயிரிழை கூடுதலாகத் தேய்ந்தால் கன்னத்தில் ஓட்டை விழுந்ததுபோல் கருப்பு வெளியே வந்துவிடும். பிறகு திருத்த வழியே இல்லை.

வேலை நடக்கும் முறையும் நாம் எண்ணுவதற்கு நேர்மாறானது. கல்லை ஓரிடத்தில் பொருத்திவிட்டுக் கருவியைக் கையில் பிடித்துச் செதுக்குவதில்லை. கிடைமட்டமாகப் பொருத்திய சுழல்தண்டின் முனையில் மிகச்சிறிய எஃகுச் சக்கரம் சுழன்றுகொண்டிருக்கும். அதில் எண்ணெயில் குழைத்த வைரத்தூள் தடவப்பட்டிருக்கும். செதுக்குபவர் கல்லைக் கைகளில் ஏந்தி அந்த முனைக்குக் கொண்டுபோய் ஒற்றி ஒற்றி எடுக்கிறார். உண்மையில் வெட்டுவது வைரத்தூள். எஃகு அதைச் சுமக்கிறது, அவ்வளவே.

கேமியோவைத் தவிர இந்த ஊருக்கு இன்னும் இரண்டு போக்குகள் புகழ் சேர்த்தன. ஒன்று, ஒரே கல்லில் விலங்குகளைச் செதுக்குவது. ரஷ்யாவின் புகழ்பெற்ற நகை நிறுவனமான ஃபபெர்ஜே இந்த ஊர்ப் பட்டறைகளிலிருந்து விலங்கு உருவங்களைப் பெற்றிருக்கிறது. ட்ரேஹர் குடும்பத்தார் தலைமுறை தலைமுறையாக இந்த வேலையில் பெயர் பெற்றவர்கள். கல்லில் இயற்கையாக அமைந்த நிற மாற்றம் எந்த உறுப்பில் விழ வேண்டும் என்பதை முதல் வெட்டுக்கு முன்பே தீர்மானித்தாக வேண்டும் என்பது இதன் கடினம். மற்றொன்று, ரத்தினக்கல் வெட்டும் கலைஞர் பெர்ண்ட் முன்ஸ்டைனர் தொடங்கிவைத்த கற்பனைப் பட்டை முறை. பழைய இலக்கணப்படி எல்லாப் பக்கமும் ஒரே சீராகப் பட்டை தீட்டுவதைக் கைவிட்டு, கல்லின் பின்புறத்தில் பள்ளங்களும் சரிவுகளும் வெட்டி, ஒளி உள்ளுக்குள்ளேயே மோதித் திரும்பும்படி அவர் செய்தார். பிரேசிலில் கிடைத்த அக்வாமரைன் என்னும் வெளிர்நீல ரத்தினத்தின் ஒரு மாபெரும் படிகத்தில் 1993இல் அவர் வெட்டி முடித்த 'டோம் பெட்ரோ' என்னும் ஊசித்தூண் 10,363 காரட் எடை கொண்டது; அது இங்கே இல்லை, வாஷிங்டன் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. வெட்டத் தொடங்குமுன் அந்தப் படிகத்தை அவர் மாதக்கணக்கில் ஆராய்ந்தார் என்பது, சுரங்கச் சுவரில் விரிசலைத் தேடிப் பார்த்தவர்களுக்கு வியப்பளிக்காது.

இனி கடைத்தெரு. இங்கே குறை சொல்லியாக வேண்டும். ஒரு கடையில் கண்ணைப் பறிக்கும் நீல அகேட்டை எடுத்து, இது இயற்கை நிறமா என்று நான் கேட்டதற்கு, பிரேசில் கல் என்று மட்டும் விடை வந்தது. இரண்டாம் முறை கேட்ட பிறகே சாயம் என்று ஒப்புக்கொண்டார்கள். கல் பிரேசிலிலிருந்து வந்ததிலோ சாயம் ஏற்றியதிலோ பிழை இல்லை. கேட்டதற்கு நேராக விடை சொல்லாததுதான் பிழை. பளிச்சிடும் நீலம், ஊதா, இளஞ்சிவப்பு வில்லைகள் அனைத்தும் சாயம் ஏற்றியவை என்று கொண்டே விலை பேசுவது நலம். இந்த மலையிலிருந்தே எடுத்த பழைய அகேட் வேண்டுமென்றால் அதைத் தனியாகக் கேட்க வேண்டும். அதன் நிறங்கள் அடக்கமானவை, அளவு சிறியது, விலை அதிகம்.

கேமியோ வாங்குவோருக்கு இன்னும் கூடுதல் கவனம் தேவை. கடந்த சில பத்தாண்டுகளாக மீயொலி இயந்திரங்களைக் கொண்டு கேமியோக்கள் பெருமளவில் ஆக்கப்படுகின்றன. கைவேலையை வார்ப்பாகக் கொண்ட எஃகு அச்சு, கல்லின்மேல் தேய்ப்புத்தூளுடன் நொடிக்கு ஆயிரக்கணக்கான முறை அதிர்ந்து, அதே உருவத்தைத் திரும்பத் திரும்பப் பதிக்கிறது. விலை குறைவு, தோற்றம் நன்று, பரிசளிக்க ஏற்றது. ஆனால் கைவேலையின் விலை கொடுக்கத் தக்கதன்று. ஒரு சிறு உருப்பெருக்கியைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள். இயந்திர வேலையின் மேற்பரப்பு புதிதாக விழுந்த பனியைப் போல எங்கும் ஒரே சீரான நுண்பொடிப்புடன் தெரியும்; கைவேலையில் சக்கரம் போன தடங்கள் வெவ்வேறு திசைகளில் ஓடும். இன்னோர் உறுதியான சோதனையும் உண்டு. அச்சு நேராக இறங்கி நேராகத்தான் மேலேற முடியும் என்பதால் அதனால் உட்குடைய முடியாது. கூந்தல் சுருளின் அடியிலோ ஆடை மடிப்பின் கீழோ உள்வாங்கிக் குடைந்த பள்ளம் இருந்தால், அது கையால் செதுக்கியது என்று நம்பி வாங்கலாம். அப்படிப்பட்ட பொருளுக்குச் செதுக்கியவரின் பெயரையும் சாயம் ஏற்றிய விவரத்தையும் ரசீதில் எழுதித் தரும்படி கேளுங்கள். நேர்மையான கடைக்காரர் தயங்க மாட்டார்.

போக்குவரத்து எளிது. ஃபிராங்க்பர்ட்டிலிருந்து மைன்ஸ் வழியாகச் சார்ப்ரூக்கன் செல்லும் வட்டார ரயில் இங்கே நிற்கும். ஊருக்குள் நாஹே ஆற்றைத் தேடி ஏமாற வேண்டாம். ஆற்றின்மேல் கூரைபோட்டு நெடுஞ்சாலை அமைத்துவிட்டார்கள். மூன்று இடங்களும் ஒன்றுக்கொன்று தள்ளியே உள்ளன. சுரங்கத்துக்கு ஏற்றமும் உண்டு என்பதால், முதியவர்களுடன் வருவோர் வாடகை வண்டி அமர்த்திக்கொண்டு, சுரங்கத்தைக் காலையிலும் சாணைப்பட்டறையை நண்பகலுக்கு முன்பும் முடித்துவிட்டு, மாலை முழுவதையும் அருங்காட்சியகத்துக்கு விட்டுவைக்கலாம். கடைகளை மறுநாளுக்கு ஒதுக்குவது நல்லது.