துறைமுகச் சுவரில் உயிர் வளர்க்க எது நல்லது: பலகையா, கூண்டா, சிப்பியா, கயிறா?

துறைமுகம் கட்டும்போது முதலில் காணாமல் போவது பாறைக்கரை. இயற்கையான பாறையில் பொந்து உண்டு, பிளவு உண்டு, கடல்நீர் இறங்கும் வற்றத்தின்போதும் நீர் தேங்கி நிற்கும் குழிகள் உண்டு. அது சரிந்து இறங்குவதால் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் நடுவே உயிர்கள் பரவி வாழ நிறைய இடம் கிடைக்கும். அங்கே செங்குத்தான கான்கிரீட் சுவர் எழுந்தால் அத்தனை அகலமும் சுவரின் உயரத்துக்குள் சுருங்கிவிடும். வெயிலுக்கு ஒதுங்க நிழலும் இருக்காது. பாறையிலும் படகிலும் ஒட்டி வாழும் ஓடுள்ள சிற்றுயிரான கொட்டலசும் சில வகைச் சிப்பிகளும் தாக்குப்பிடிக்கும், மற்றவை போய்விடும். சிட்னி துறைமுகக் கரையில் பாதிக்கு மேல் இப்படிச் சுவராகிவிட்டது.

நம் ஊரில் செயற்கைப் பாறைத்திட்டு என்றால் மீன்வளத்துக்காகத் திறந்த கடலில் இறக்கும் கான்கிரீட் வடிவங்கள்தான் நினைவுக்கு வரும். இங்கே பேசுவது வேறு. கப்பலும் படகும் வந்துபோகிற, இடிக்க முடியாத கட்டுமானத்திலேயே உயிர்களுக்கு எப்படி இடம் ஏற்படுத்துவது என்பதுதான் கேள்வி.

சிட்னி கடல் அறிவியல் நிறுவனம் 2018-இல் தொடங்கிய ‘லிவிங் சீவால்ஸ்’ திட்டத்திலிருந்து ஆரம்பிக்கலாம். முப்பரிமாண அச்சுப்பொறியில் வார்ப்பச்சு செய்து, அதில் கான்கிரீட் வார்த்து, அறுகோணப் பலகைகளாக்கி, சுவரில் போல்ட் போட்டுப் பொருத்துகிறார்கள். ஒரு பலகையில் பாறைக்குழி, இன்னொன்றில் அலையாத்தி வேர், வேறொன்றில் பிளவுகள் என்று வடிவங்கள் மாறும். இந்தக் கலவையைத்தான் நான் பெரிதாக மதிக்கிறேன். குழியில் நிற்கும் நீரில் நத்தையும் பாசியும் வற்றத்தைத் தாண்டிவிடும். பிளவுக்குள் நண்டு ஒளிந்துகொள்ளும். ஒரே வடிவத்தைச் சுவர் முழுக்க ஒட்டினால் அந்த வடிவம் பிடித்த இனம் மட்டுமே பெருகும். ஒன்றிரண்டு ஆண்டுகளில் வெறும் சுவரைவிடக் குறைந்தது 36 சதவீதம் அதிக இனங்கள் பலகைகளில் இருந்ததாக அந்தக் குழுவே சொல்கிறது.

குறை இல்லாமல் இல்லை. எந்த உயரத்தில் மாட்டுகிறோம் என்பது ரொம்ப முக்கியம். கொஞ்சம் மேலே போனாலும் நாளின் பெரும்பகுதி காய்ந்து கிடக்கும். சுவரில் வாழ்கிறவற்றுக்குத்தான் இது வீடு. சுவருக்குக் கீழே சேறாகிப்போன தரைக்கு இதனால் பெரிதாக ஒன்றும் நடக்காது.

அதே சிட்னியில் கடற்குதிரைக் கூண்டு என்று ஒன்று இருக்கிறது. ஆஸ்திரேலியாவின் கிழக்குக் கரையில் மட்டும் வாழும் ஒயிட்ஸ் கடற்குதிரை, கடற்பஞ்சும் மென்பவளமும் அழிந்ததால் அருகிவிட்டது. போர்ட் ஸ்டீபன்ஸ் பகுதியில் யாரோ விட்டுப்போன நண்டுப் பொறிகளில் அது குடியிருப்பதைப் பார்த்த பிறகுதான் அதேபோல் உலோகக் கூண்டு செய்யும் யோசனை வந்தது. கூண்டில் பாசியும் பஞ்சும் படரும், அவற்றில் வரும் நுண்ணிய இறால் வகைகள் கடற்குதிரைக்கு இரை. கொஞ்ச காலத்தில் உலோகம் துருப்பிடித்துக் கரைந்துபோகும், வளர்ந்தது அங்கேயே நிற்கும். தன் வேலை முடிந்ததும் விலகிக்கொள்ளும் இந்த வடிவமைப்பு எனக்கு மிகவும் பிடித்தது. 2020-இல் மீன்காட்சியகத்தில் வளர்த்த குஞ்சுகளைச் சிட்னி துறைமுகத்தில் இப்படிப்பட்ட கூண்டுகளில் விட்டார்கள். ஆனால் இது ஓர் இனத்தை மனதில் வைத்துச் செய்த வேலை. அந்த இனம் இல்லாத துறைமுகத்துக்கு இதை அப்படியே தூக்கிப்போவதில் பொருள் இல்லை.

நியூயார்க்கின் பில்லியன் ஆய்ஸ்டர் திட்டத்துக்குத்தான் பெயர் அதிகம். 2014-இல் தொடங்கினார்கள், 2035-க்குள் நூறு கோடிச் சிப்பிகள் என்பது இலக்கு. உணவகங்களில் மிஞ்சும் ஓடுகளைச் சேகரித்து, வெயிலில் பதப்படுத்தி, தொட்டியில் சிப்பிக் குஞ்சுகளை அவற்றின் மேல் ஒட்டவைத்து, துறைமுகத்தில் இறக்குகிறார்கள். அந்த ஊரில் கடல்சார் கல்வி தரும் ‘ஹார்பர் ஸ்கூல்’ பள்ளி மாணவர்களும் இதில் கை கொடுக்கிறார்கள். ஒரு முதிர்ந்த சிப்பி நல்ல சூழலில் நாளுக்கு 190 லிட்டர் வரை நீரை வடிகட்டும் என்பார்கள். அது உச்ச அளவு, எல்லா நாளும் கிடைக்காது. ஒரு காலத்தில் அந்த ஊரே சிப்பி தின்று வாழ்ந்தது. இப்போது வளர்க்கும் சிப்பியை உண்ண முடியாது, மழை பெய்தால் சாக்கடை இன்னும் கலக்கிறது. சாக்கடையை நிறுத்தாமல் அதைச் சுத்தம் செய்யும் பொறுப்பைச் சிப்பியிடம் மட்டும் விட்டால் அது அநியாயம். இருந்தாலும் பலகை தராத ஒன்றை இது தருகிறது: கடலடியில் மேடு.

ராட்டர்டாம் துறைமுகத்தில் இன்னும் எளிய முறையைச் சோதித்தார்கள். தூண்களைச் சுற்றிப் பாவாடைபோல் நைலான் கயிறுகளைத் தொங்கவிட்டார்கள். மிதவைகளின் கீழேயும் கட்டினார்கள். சில மாதங்களில் கறுப்புச் சிப்பிகள் கொத்துக்கொத்தாக அப்பிக்கொண்டன. வெறும் தூணில் இருந்ததைவிடப் பல மடங்கு உயிர்ப்பொருள் சேர்ந்தது. மலிவு, வேகம் இரண்டிலும் இதை மிஞ்ச ஆள் இல்லை. ஆனால் எடையை மட்டும் அளந்தால் ஏமாந்துபோவோம், ஏனென்றால் பெரும்பாலும் ஒரே இனம்தான் ஆக்கிரமிக்கிறது. போதாததற்கு, தேயும் நைலான் கடலில் பிளாஸ்டிக் துகளாகத்தான் சேரும்.

சரி, சுவரையே புதிதாகக் கட்டுகிறோம் என்றால்? அப்போது மேலே சொன்ன எதுவும் அமெரிக்காவின் சியாட்டில் நகரத்துச் சுவரோடு போட்டி போட முடியாது. 2017-இல் முடிந்த எலியட் விரிகுடாச் சுவரில் கடலைப் பார்த்த முகம் சொரசொரப்பானது, திண்டுகள் வைத்தது. அடியில் தரையை உயர்த்தி ஆழமற்ற பாதை அமைத்திருக்கிறார்கள். மேலே நடைபாதையில் கண்ணாடிக் கட்டிகளைப் பதித்து வெளிச்சத்தைக் கீழே விட்டிருக்கிறார்கள். காரணம் சால்மன் குஞ்சுகள். படகுத்துறையின் நிழல் எல்லைக்கு வந்ததும் அவை தயங்கி நின்றுவிடும், அல்லது ஆழத்துப் பக்கம் சுற்றிப்போய்ப் பெரிய மீன்களிடம் மாட்டும். வெளிச்சம் வேண்டும் என்று பிற்பாடு தோன்றினால் நடைபாதையை உடைக்க வேண்டியிருக்கும். வரைபடம் போடும்போதே கடல் உயிரியலாளர் அருகில் இருந்தால்தான் இது நடக்கும்.

ஆக, நிற்கிற சுவர் என்றால் என் தேர்வு பலகைதான், அதுவும் பல வடிவங்கள் கலந்து. ஆனால் பலகைக்குப் பணம் ஒதுக்குவதற்கு முன்னால், ஒரு பருவம் முழுக்கச் சில தென்னைநார்க் கயிறுகளைச் சுவரோரம் வெவ்வேறு உயரங்களில் தொங்கவிட்டுப் பார்க்கலாம். அந்த நீரில் எந்தக் குஞ்சுகள் மிதந்து வருகின்றன, எந்த மட்டத்தில் ஒட்டுகின்றன என்பது தெரிந்துவிடும். எதுவுமே ஒட்டாவிட்டால் முதலில் பார்க்க வேண்டியது தண்ணீரை.