கோஸ்டா ரிகாவில் 9 நாள்: அறையில் மிச்சம் பிடியுங்கள், வழிகாட்டியில் வேண்டாம்

முப்பத்தொரு வருஷம் மேல்நிலைப் பள்ளியில் தாவரவியல் நடத்தியவள் நான். தொற்றுத் தாவரம், அதாவது வேறு மரத்தின் மேல் ஒட்டி வளரும் செடி பற்றிய பாடம் வந்தால் கரும்பலகையில் வாண்டா ஆர்க்கிட் வரைந்து, தொங்கும் வேருக்கு அம்புக்குறி போட்டு, ஈரத்தை உறிஞ்சும் வெலாமன் திசு என்று எழுதுவேன். பிள்ளைகளும் அதைப் பார்த்து வரைந்து மார்க் வாங்கிப் போவார்கள். ஒரே மரத்தின் கிளையில் பத்துப் பதினைந்து விதமான செடிகள் ஏறி உட்கார்ந்திருப்பதை நான் கண்ணால் பார்த்தது போன பிப்ரவரியில்தான், ஓய்வு பெற்று மூன்று வருஷம் கழித்து, கோஸ்டா ரிகாவில்.

நானும் என் கணவரும் அமெரிக்காவில் ஹூஸ்டனில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போயிருந்தோம். கல்யாணமாகி 35 வருஷம் ஆனதற்கு எங்காவது போய்வாருங்கள் என்று மகளும் மருமகனும் வற்புறுத்தினார்கள். அங்கிருந்து கோஸ்டா ரிகாவின் தலைநகர் சான் ஹோசேவுக்கு விமானத்தில் நாலு மணி நேரத்துக்குள்தான். கையில் அமெரிக்க விசா இருந்ததால் தனி விசா எடுக்கவில்லை. இந்த விதிகள் மாறிக்கொண்டே இருப்பவை, கிளம்பும் முன் தூதரகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். திரும்பி வரும் டிக்கெட்டைக் கையில் வைத்திருங்கள்.

இணையத்தில் தேடி ஒரு ஏஜென்சி மூலம் பதிவு செய்தோம். 9 நாள், 8 இரவு. தங்கும் இடம், வேன், படகு, காலை உணவு, நாலு இடத்தில் வழிகாட்டி எல்லாம் சேர்த்து இரண்டு பேருக்கும் 2,900 டாலர். விமானம் தனி. சான் ஹோசே ஒரு இரவு, அரெனால் எரிமலை அடிவாரத்தில் லா ஃபோர்டூனா இரண்டு இரவு, மொன்டெவெர்டே மலைக்காட்டில் இரண்டு, மனுவேல் அன்டோனியோ கடற்கரை இரண்டு, மறுபடி சான் ஹோசே.

முதலில் வேனைப் பற்றி. சொன்ன நேரத்துக்கு ஐந்து நிமிஷம் முன்னாலேயே ஒவ்வொரு நாளும் வந்து நின்றது. ஓட்டுநர்கள் எல்லாரும் என்னை 'டோன்யா' என்றுதான் கூப்பிட்டார்கள், நம் ஊரில் 'அம்மா' என்பது போல மரியாதையான சொல். நன்றி சொன்னால், மிகுந்த சந்தோஷத்தோடு செய்தேன் என்ற பொருளில் 'கோன் மூச்சோ கூஸ்தோ' என்பார்கள். மூன்றாம் நாளுக்குள் இவருக்கும் அது வாயில் வந்துவிட்டது.

குறையையும் சொல்லியாக வேண்டும். மனுவேல் அன்டோனியோ தேசியப் பூங்காவில் எங்கள் நடையைச் செவ்வாய்க்கிழமைக்குப் போட்டிருந்தார்கள். செவ்வாய்தோறும் அந்தப் பூங்கா மூடியிருக்கும்! லா ஃபோர்டூனாவில் விடுதி வரவேற்பில் இருந்த பெண் எங்கள் தாளைப் பார்த்துச் சொல்லித்தான் தெரிந்தது. ஏஜென்சிக்கு வாட்ஸ்அப்பில் எழுதினேன். அன்று கடற்கரையை ரசியுங்கள் என்று பதில் வந்தது. இரண்டு பேரும் அன்று இரவு சரியாகத் தூங்கவில்லை. அந்தப் பெண்ணே உட்கார்ந்து புதன்கிழமை காலைக்கு இணையத்தில் டிக்கெட் எடுத்துக் கொடுத்தாள், ஆளுக்குச் சுமார் 18 டாலர். பூங்கா வாசலில் டிக்கெட் விற்பதில்லை, முன்கூட்டியே எடுத்தாக வேண்டும். வழிகாட்டிக்கும் நாங்களே மறுபடி பணம் கொடுத்தோம். ஏஜென்சி இன்றுவரை அதைத் திருப்பித் தரவில்லை. நீங்கள் யாரிடம் பதிவு செய்தாலும் கிழமைகளை ஒருமுறை நீங்களே சரிபாருங்கள்.

சான் ஹோசேயில் அரை நாள்தான் இருந்தோம். தேசிய அருங்காட்சியகம் மட்டும் பார்த்தோம். அது முன்பு பெயாவிஸ்டா என்ற ராணுவக் கோட்டை. 1948 உள்நாட்டுப் போரின் குண்டுகள் துளைத்த ஓட்டைகளைக் கோபுரச் சுவரில் அப்படியே விட்டுவைத்திருக்கிறார்கள். அந்த வருஷம் டிசம்பர் 1 அன்று ஹோசே ஃபிகெரெஸ் அந்தச் சுவரைச் சம்மட்டியால் அடித்து, இனி இந்த நாட்டுக்கு ராணுவம் கிடையாது என்று அறிவித்தார். இன்றுவரை கிடையாது. சுவரைத் தொட்டுப் பார்த்துவிட்டு இவர் ரொம்ப நேரம் பேசாமல் இருந்தார். இவருடைய அண்ணன் ராணுவத்தில் இருந்தவர்.

லா ஃபோர்டூனாவில் எரிமலை தெரியும் அறை என்று ஒரு இரவுக்கு 60 டாலர் கூடுதலாகக் கொடுத்திருந்தோம். இரண்டு நாளும் மலை மேகத்துக்குள் இருந்தது. பிப்ரவரி வறண்ட மாதம் என்பார்கள். ஆனால் நாட்டின் அந்தப் பக்கத்தில் மழைக்கு மாதக் கணக்கே இல்லை. கிளம்புகிற அன்று காலையில் தண்ணீர் பாட்டில் வாங்க மளிகைக் கடைக்குப் போனபோது தெருவில் எல்லாரும் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். மேகம் விலகி, கோபுரம் மாதிரி கூம்பு முழுசாகத் தெரிந்தது. இருபது நிமிஷம் இருக்கும், அப்புறம் மறைந்துவிட்டது. அந்த 120 டாலரை வேறு எதற்காவது வைத்துக்கொள்ளுங்கள். ஊரில் எங்கே நின்றாலும் அதே மலைதான் தெரியும்.

அரெனால் பல நூறு வருஷம் சும்மா இருந்த மலை. 1968 ஜூலை 29 அன்று வெடித்து, அடிவாரத்தில் இருந்த ஊர்களை அழித்தது. 87 பேர் இறந்தார்கள். அதன்பிறகு 2010 வரை அடங்கவில்லை. அந்த 1968 எரிமலைக் குழம்பு உறைந்த கரும்பாறை மேல் இப்போது நடைபாதை போகிறது. வெறும் பாறையில் முதலில் பாசியும் லைக்கனும், அப்புறம் பெரணி, புல், புதர், மரம் என்று தாவர வழிமுறை வளர்ச்சியை வகுப்பில் வரிசையாக எழுதிப்போடுவோம் இல்லையா, அந்த வரிசை அங்கே காலடியில் கிடக்கிறது. நான் குனிந்து குனிந்து பார்த்ததில் எங்கள் குழு இரண்டு தடவை எனக்காகக் காத்திருந்தது.

லா ஃபோர்டூனா அருவி சுமார் 70 மீட்டர் உயரம். அடிக்குப் போக 500 படி இறங்க வேண்டும், அதே 500 படி ஏறவும் வேண்டும். இவருக்கு முழங்கால் வலி. மேலே பார்வை மேடையில் உட்கார்ந்துகொண்டார், நான் மட்டும் போய்வந்தேன். மேலிருந்தே அருவி முழுசாகத் தெரியும், கால் முடியாதவர்கள் அதற்காக வருத்தப்பட வேண்டாம்.

சாப்பாடு. நாங்கள் சைவம். அந்த ஊரில் சின்னச் சாப்பாட்டுக் கடைக்கு 'சோடா' என்று பேர். காலையில் 'காயோ பின்டோ', அதாவது சோறும் கறுப்பு பீன்ஸும் வெங்காயம், கொத்தமல்லித்தழை போட்டுப் புரட்டியது. மத்தியானம் 'கசாடோ': சோறு, பீன்ஸ், காய், சாலட், பொரித்த பழுத்த வாழைக்காய் எல்லாம் ஒரே தட்டில். ஆளுக்கு 4,000 கொலோன் (அந்த நாட்டுப் பணம்) ஆயிற்று. பெரிய உணவகங்களில் பில்லோடு 13 சதவீத வரியும் 10 சதவீதம் சேவைக் கட்டணமும் சேரும், சோடாவில்தான் வயிறும் நிறையும் காசும் மிஞ்சும். இறைச்சி வேண்டாம் என்று மட்டும் சொன்னால் கோழி வந்துவிடுகிறது, அவர்களுக்கு அந்தச் சொல் பெரும்பாலும் மாட்டிறைச்சியைத்தான் குறிக்கும். 'சின் கார்னே, சின் போயோ, சின் பெஸ்காதோ' என்று மூன்றையும் சேர்த்துச் சொல்லுங்கள். பீன்ஸில் பன்றிக் கொழுப்பு சேர்த்தார்களா என்றும் கேளுங்கள். மேஜை மேல் கண்ணாடி ஜாடியில் காரட், காலிஃபிளவர், வெங்காயம், மிளகாயை வினிகரில் ஊறப்போட்டு வைத்திருப்பார்கள். அதைப் பார்த்ததும் எங்கள் இரண்டு பேருக்கும் உயிர் வந்தது.

மொன்டெவெர்டேக்கு வேன், படகு, மறுபடி வேன் என்று மாறிப் போனோம். நடுவில் அரெனால் ஏரி, நீர்மின் திட்டத்துக்காகத் தேக்கியது. அங்கே எங்களுக்குக் கிடைத்தது ஒரு குடும்பம் நடத்தும் மர வீடு, எட்டு இரவிலும் மலிவான அறை அதுதான். காற்று இரவெல்லாம் ஊளையிட்டது, ஸ்வெட்டர் கட்டாயம் வேண்டும். காலையில் அந்த வீட்டு அம்மா மரச் சட்டத்தில் துணிப்பை ஒன்றைத் தொங்கவிட்டு, காபித்தூள் போட்டு, வெந்நீரை நிதானமாகச் சுற்றி ஊற்றினார். சொட்டுச் சொட்டாக டிகாக்‌ஷன் இறங்கியது. 'ஏம்மா, எங்க பாட்டி வீட்டுல துணியில வடிகட்டுவாங்களே, அதேதான்' என்றார் இவர். பாலைத் தனியாகக் கேட்டு வாங்கிக் கலந்து குடித்தோம். பயணத்திலேயே சிறந்த தங்குமிடம் எது என்று கேட்டால் நான் அதைத்தான் சொல்வேன்.

மொன்டெவெர்டே காடு மிஞ்சியதற்கு ஒரு கதை உண்டு. ராணுவத்தில் சேர மறுத்த, குவேக்கர் என்ற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்த அமெரிக்கக் குடும்பங்கள் 1951-இல் அலபாமாவிலிருந்து இங்கே வந்து குடியேறினார்கள், ராணுவம் இல்லாத நாடு என்பதற்காகவே. மாடு வளர்த்து பாலாடைக்கட்டி செய்தார்கள். ஆனால் தண்ணீர் ஊறிவரும் உச்சிக் காட்டை மட்டும் வெட்டாமல் விட்டார்கள். அதை ஒட்டித்தான் 1972-இல் பாதுகாப்புக் காடு உருவானது.

அங்கே வழிகாட்டி எங்களை ஒரு அத்தி இன மரத்தின் உள்ளே நிற்கச் சொன்னார். உள்ளே என்றால் நிஜமாகவே உள்ளே. எப்போதோ ஒரு பறவை எச்சமிட்ட விதை வேறொரு மரத்தின் கிளையில் முளைத்து, வேரைக் கீழே இறக்கி, தாங்கிய மரத்தைச் சுற்றிப் பின்னிக்கொண்டது. உள்ளிருந்த மரம் செத்து மக்கிப்போய், வேர்ப்பின்னல் மட்டும் குழாய் மாதிரி நிற்கிறது. அண்ணாந்தால் கூடைப்பின்னல் வழியாக வெளிச்சம் விழுகிறது. எங்கள் ஊர் வாய்க்கால் கரையில் பனையைக் கட்டிக்கொண்டு வளர்ந்த ஆலமரம் ஒன்று உண்டு, இதற்கு ஒன்றுவிட்ட சொந்தம்தான். அந்தப் பனை இன்னும் உயிரோடிருக்கிறது. எத்தனை வருஷத்துக்கோ.

அந்தக் காட்டின் பேர்போன கெட்சால் பறவையைப் பார்க்கவில்லை. இந்த மலையில் மட்டுமே வாழ்ந்த பொன்னிறத் தேரை ஒன்று 1989-க்குப் பிறகு யார் கண்ணிலும் படவில்லை என்று வழிகாட்டி சொன்னபோது எனக்குத் தொண்டை அடைத்தது. அதன் படத்தைப் பையில் வைத்திருந்தார்.

கடைசியாக மனுவேல் அன்டோனியோ. வாசலுக்கு வரும் வழியில் சிலர் வண்டியை மறித்து நானே வழிகாட்டி என்பார்கள். அரசின் சுற்றுலா நிறுவன அட்டை கழுத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். எங்களுக்கு ஆளுக்கு 30 டாலர் ஆயிற்று. சிப்ஸ், பாக்கெட் தீனி எதையும் உள்ளே விடுவதில்லை, பையைத் திறந்து பார்க்கிறார்கள். வெள்ளைமுகக் குரங்குகளுக்காகத்தான் இந்தக் கட்டுப்பாடு.

வழிகாட்டி இல்லாமல் வந்த ஒரு ஜோடி எங்களைத் தாண்டி வேகமாக நடந்து போனது. அதே இடத்தில் எங்கள் வழிகாட்டி நின்றார், தோளில் இருந்த தொலைநோக்கித் தாங்கியை இறக்கினார், தொலைநோக்கியைத் திருப்பினார், வாருங்கள் டோன்யா என்றார். வெறும் கண்ணுக்கு அங்கே ஒரு காய்ந்த இலைக்கொத்துதான் தெரிந்தது. கண்ணாடியில் பார்த்தால் ஒரு முகம். மூன்று விரல் தேவாங்கு. நம் ஊர் தேவாங்கோடு உறவில்லை, ஸ்லாத் என்கிறார்களே அது. கண்ணிலிருந்து பக்கவாட்டில் ஓடும் கறுப்புக்கோடு, சிரிக்கிற மாதிரியே அமைந்த வாய். முதுகு ரோமம் பச்சை பூத்திருந்தது. அது பாசி! நான் நடத்திய பாசிதான், ஒரு பிராணியின் முதுகில். கை ஒன்று மெதுவாக நீண்டது, மூன்று நகமும் கிளையில் பதிந்தன, இலையை வாயருகே இழுத்தது. ஒரு இலையைத் தின்று முடிக்கும்வரை நான் கண்ணை எடுக்கவில்லை. வாரத்துக்கு ஒருமுறைதான் மரத்திலிருந்து இறங்குமாம்.

'என்னங்க, நீங்க பாருங்க' என்று நகர்ந்தேன். இவர் பார்த்துவிட்டுக் கைபேசியைக் கண்ணாடியில் வைத்துப் படம் எடுக்க முயன்றார், கை நடுங்கியது. வழிகாட்டியே வாங்கி எடுத்துக் கொடுத்தார். அந்தப் படம்தான் இப்போது எங்கள் வீட்டு ஹாலில் இருக்கிறது.

மழைச்சட்டை இங்கிருந்தே எடுத்துப் போங்கள், அங்கே விலை அதிகம். குழாய்த் தண்ணீரையே குடித்தோம், இரண்டு பேருக்கும் ஒன்றும் ஆகவில்லை. டாலர் எல்லா இடத்திலும் வாங்குகிறார்கள், ஆனால் சோடாவுக்குச் சில்லறை கொலோன் வைத்திருப்பது நல்லது. அந்த ஏஜென்சியை மறுபடி நாட மாட்டேன். வேனையும் அறையையும் தனித்தனியாகப் பதிவு செய்துகொண்டு, மிஞ்சும் பணத்தில் ஒவ்வொரு காட்டுக்கும் இரண்டு தடவை வழிகாட்டியோடு போவேன், காலையில் ஒருமுறை, இருட்டிய பின் ஒருமுறை.