பாண்டியில் ஒரு வாரம், முற்றம் வைத்த வீட்டில்

அம்மாவுக்கு 74 வயது. நாங்கள் பாரிஸ் புறநகருக்குப் போய் முப்பது வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. தாத்தா சொல்தா, அதாவது பிரெஞ்சுப் படையில் இருந்தவர். அவர் பென்ஷன் பணத்தில் பார்த்துப் பார்த்து வைத்திருந்த வீடு இப்போது இல்லை. பங்காளிகள் விற்றார்கள், வாங்கியவர் இடித்து மாடி மாடியாகக் கட்டிவிட்டார். ஊருக்கு வந்தால் லாஸ்பேட்டையில் சித்தி வீட்டில்தான் தங்குவோம். இந்த முறை டிக்கெட் போடும்போதே அம்மா சொல்லிவிட்டார்: "முற்றம் வச்ச வீட்ல ஒரு வாரம் படுத்துத் தூங்கணும்டா."

பழைய வீட்டைப் புதுப்பித்து ஹோட்டலாக்கிய இடங்கள் பாண்டியில் நிறைய உண்டு. வெளியூர்க்காரர்கள் முதலில் தேடுவது ஒயிட் டவுனை, அதாவது பழைய பிரெஞ்சுக் குடியிருப்பைத்தான். அங்கே தெருவில் நின்றால் உயரமான மதிலும் கேட்டும்தான் தெரியும். தோட்டமும் வராந்தாவும் உள்ளே ஒளிந்திருக்கும். பெரிய வாய்க்காலைத் தாண்டி மேற்கே தமிழர் பகுதிக்கு வந்தால் கதையே வேறு. தெருவை ஒட்டி மரத்தூண் வைத்த தாழ்வாரம், அதற்குள் திண்ணை, பிறகு நிலைவாசல், உள்ளே முற்றம். பல வீடுகளில் கீழ்த்தளம் இப்படித் தமிழ்க்கட்டாக இருக்கும். மாடிக்கு ஏறினால் வளைவு ஜன்னலும் சுண்ணாம்புப் பூச்சில் வடித்த அரைத்தூணுமாகப் பிரெஞ்சுக்கட்டு. ஒரே வீட்டில் இரண்டும் அமைவது பாண்டிக்கே உரிய அழகு. 1761இல் ஆங்கிலேயர் இந்த நகரத்தைத் தரைமட்டமாக்கினார்கள். 1763 பாரிஸ் உடன்படிக்கைக்குப் பிறகு ஊர் பிரெஞ்சுக்காரர்கள் கைக்குத் திரும்பி, 1765 முதல் மறுபடி எழுந்தது. வைசியாள் வீதியில் ஒரு பகுதியை வரிசையாகப் பழையபடி மீட்டதற்கு 2008இல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் மரபுப் பாதுகாப்பு விருதும் கிடைத்திருக்கிறது.

நாங்கள் எடுத்ததும் தமிழர் பகுதியில்தான். இரவுக்கு 6,500 ரூபாய், காலைச் சாப்பாட்டோடு. சென்னை விமான நிலையத்திலிருந்து ஈ.சி.ஆர். வழியாக மூன்றரை மணி நேரம் ஆனது.

வந்ததும் ஒரு மனக்கஷ்டம். அம்மாவுக்கு முழங்கால் வலி, கீழ்த்தளத்து அறைதான் வேண்டும் என்று இரண்டு முறை மின்னஞ்சலில் எழுதி, சரி என்று பதிலும் வாங்கியிருந்தேன். கொடுத்ததோ மாடி அறை. பழைய வீட்டு மாடிப்படி குறுகலாக, செங்குத்தாக இருக்கும். கைப்பிடி ஒரு பக்கம்தான். அம்மா ஒவ்வொரு படியிலும் நின்று நின்று ஏறியதைப் பார்க்க எனக்கு வயிறு எரிந்தது. மறுநாள் மதியம் கீழே மாற்றிக் கொடுத்தார்கள், மன்னிப்பும் கேட்டார்கள். ஆனாலும் அந்த முதல் இரவை அம்மா பட்டிருக்க வேண்டாம். வயதானவர்களோடு வருகிறவர்கள் கிளம்புவதற்கு முன் தொலைபேசியில் ஒருமுறை பேசி, அறை எண்ணையே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

வெளிநாட்டு பாஸ்போர்ட் வைத்திருப்பவர்கள் தங்குவதை அரசுக்குத் தெரிவிக்கும் பதிவு ஒன்று உண்டு. வந்த 24 மணி நேரத்துக்குள் ஹோட்டல்காரர்கள் அதை இணையத்தில் ஏற்ற வேண்டும். பாஸ்போர்ட், ஓ.சி.ஐ. அட்டை (வெளிநாட்டுக் குடியுரிமை உள்ள இந்திய வம்சாவளியினருக்கான அட்டை) இரண்டின் நகலும் கையில் இருந்தால் பத்து நிமிட வேலை.

அறையைப் பற்றிக் குறையாக ஒன்றும் சொல்லத் தோன்றவில்லை. மேலே பார்த்தால் நெருக்கமாக அடுக்கிய தேக்கு மரச்சட்டங்கள், அவற்றின் மேல் செங்கல்லைக் குத்தவைத்துச் சுண்ணாம்பில் பதித்த தளம். மெட்ராஸ் டெரஸ் என்பார்கள். சுவர் கனமாக இருப்பதால் வைஃபை அறைக்குள் வராது, முற்றத்துக்கு வந்தால் கிடைக்கும். கடல் காற்றில் சுவரின் அடிப்பக்கம் கொஞ்சம் உப்புப் பூத்திருந்தது. அதைச் சிமெண்ட் போட்டு மூடாமல், சுரண்டிச் சுண்ணாம்பே பூசுகிறார்கள். அதுதான் சரி. சிமெண்ட் பூசினால் ஈரம் வெளியே வர வழியில்லாமல் சுவர் உள்ளேயே கெட்டுப்போகும். எங்கள் வீட்டில் பங்காளிகள் செய்த தவறு அதுதான்.

மூன்றாம் நாள் நல்ல மழை. முற்றத்தின் நான்கு பக்க ஓட்டிலிருந்தும் தண்ணீர் கொட்டியது. அடியில் பித்தளை அண்டா ஒன்றை வைத்திருந்தார்கள். முதலில் ணங் ணங் என்று விழுந்த சத்தம், அண்டா நிறைய நிறையத் தாழ்ந்து கம்மென்று ஆனது. அம்மா தூணைப் பிடித்துக்கொண்டு, நிறைந்து வழியும்வரை நின்றார்.

சாப்பாட்டு மேஜையில் தினமும் ரொட்டி, ஜாம், ஆம்லெட், கேட்டால் இட்லி. நான்காம் நாள் மதியம் குசினிப் பக்கமிருந்து தாளிக்கிற வாசனை வந்தது. "வடகம்!" என்று அம்மா எழுந்துவிட்டார். சின்ன வெங்காயம், பூண்டு, கடுகு, உளுந்து எல்லாம் இடித்து, விளக்கெண்ணெய் விட்டு உருட்டி வெயிலில் காயவைத்த உருண்டை. பாரிஸ் கடைகளில் 'வதுவான்' என்று பொடியாக விற்கிறார்கள், அந்த வாசனை இதில் பாதிகூட இருக்காது. அது வேலை செய்கிறவர்களுக்கு வைத்த கத்தரிக்காய்க் குழம்பு. "எங்களுக்கும் அதையே போடும்மா" என்று சமையல்கார அக்காவிடம் அம்மா கேட்க, அவர் "மெனுவுல இல்லையேம்மா" என்று தயங்கினார். பிறகு மேனேஜரிடம் சொல்லி, கிளம்பும்வரை எங்களுக்கு அந்தச் சமையல்தான். விருந்தாளிகளுக்கு அதை ஏன் மறைத்து வைக்க வேண்டும் என்று எழுதியே கொடுத்துவிட்டு வந்தேன்.

காலை ஐந்து மணிக்குக் கோயில் ஒலிபெருக்கியில் திருப்பாவை. ஞாயிற்றுக்கிழமை காந்தி வீதிச் சந்தையின் கூட்டம். அமைதி வேண்டும் என்பவர்களுக்கு இந்தப் பகுதி ஒத்துவராது. கடற்கரைச் சாலையில் மாலை 6 மணியிலிருந்து காலை 7.30 வரை வண்டிகள் கிடையாது, நிம்மதியாக நடக்கலாம். ஆனால் ஆட்டோவை முன்னாலேயே நிறுத்திவிடுவார்கள், நடக்க முடியாதவர்களைக் கூட்டிப்போனால் அதைக் கணக்கில் வையுங்கள்.

இந்த வீடுகளை வைத்துக் காப்பாற்றுவது லேசு இல்லை. பத்துப் பங்குதாரர், சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனார் கிடைப்பதில்லை, நிலத்தின் விலையோ ஏறிக்கொண்டே போகிறது. அறை வாடகை வருவதால்தான் இந்த வீடு நிற்கிறது. வெளிநாட்டிலிருந்து வரும் நம் ஆட்கள் வாய்க்காலுக்கு மேற்கேயும் தங்க வேண்டும் என்று மனதாரக் கேட்டுக்கொள்கிறேன்.

கடைசி நாள் சாயங்காலம் அம்மா தெருத்திண்ணையில் உட்கார்ந்திருந்தார். பூக்காரம்மா கூடையை இறக்கி, இரண்டு முழம் அளந்து கொடுத்துவிட்டு, "எந்த ஊரும்மா நீங்க?" என்று கேட்டார்.

"இந்த ஊர்தான்" என்றார் அம்மா. "ரெண்டு தெரு தள்ளி."