சிறு வெப் சர்வரைப் புதுப்பிக்க அசிங்க்ஐஓ: ஒரு மதிப்பாய்வு

பைத்தானில் எழுதிய சிறிய வெப் சர்வர் ஒன்றை ஒத்திசையா நிரலாக்கத்துக்கு, அதாவது ஒரு வேலை காத்திருக்கும்போது மற்றவை நடக்கும் முறைக்கு, மாற்ற நினைப்பவருக்கு முதலில் கைக்கு எட்டுவது, மொழியோடு சேர்ந்தே வரும் அசிங்க்ஐஓ தொகுதி. 2014-இல் பைத்தான் 3.4-உடன் அறிமுகமான இது, மறு ஆண்டு 3.5-இல் அசிங்க், அவெய்ட் ஆகிய சொற்கள் மொழியின் இலக்கணத்திலேயே இடம்பெற்ற பிறகுதான் படிக்கத்தக்க நிரலைத் தந்தது. ஆனால் ஒரு சர்வரை இதனிடம் நம்பி ஒப்படைக்கலாம் என்ற நிலை 2022-இல் வெளிவந்த 3.11-இல்தான் உருவானது என்பது என் கணிப்பு.

இதன் அருமை தெரிய, பழைய முறையைச் சற்று உற்றுப் பார்க்க வேண்டும். பைத்தானின் எச்டிடிபிசர்வர் வகுப்பு ஒரு நேரத்தில் ஒரே இணைப்பை மட்டுமே கவனிக்கும். ஒருவர் இணைப்பைத் திறந்துவிட்டுக் கோரிக்கையின் முதல் வரியைக்கூட முழுதாக அனுப்பாமல் நின்றுவிட்டால், சர்வரும் அந்த வரிக்காகவே நிற்கும். நாமாக வைத்தாலொழிய அதற்குக் கால வரம்பு கிடையாது. பின்னால் வந்தவர்கள் அத்தனை பேரும் அந்த ஒருவருக்காகக் காத்துக் கிடப்பார்கள். 3.7-இல் வந்த த்ரெடிங்எச்டிடிபிசர்வர் இணைப்புக்கு ஒரு த்ரெட் (ஒரே நிரலுக்குள் தனியாக ஓடும் இழை) வீதம் உருவாக்கி இதைத் தணிக்கிறது என்றாலும், த்ரெட்களின் எண்ணிக்கைக்கு அது உச்சவரம்பு எதையும் வைப்பதில்லை. ஆயிரம் பேர் சும்மா காத்திருந்தால் ஆயிரம் த்ரெட்களும் சும்மா காத்திருக்கும்.

அசிங்க்ஐஓவில் ஒரே த்ரெட்டில் ஒரு ஈவென்ட் லூப், அதாவது வேலைகளை மாறி மாறி ஓட்டும் சுழற்சி, ஓடுகிறது. லினக்ஸில் ஈபோல், மேக்கில் கேக்யூ போன்ற கர்னல் (இயங்குதளத்தின் மையப்பகுதி) வசதிகளின் வழியாக, எந்தச் சாக்கெட்டில் (இணைப்பின் முனையில்) தரவு வந்திருக்கிறது என்று அறிந்து, அதற்குரிய நிரலை மட்டும் எழுப்புகிறது. காத்திருக்கும் இணைப்புக்கு ஆகும் செலவு சிறிதளவு நினைவகம் மட்டுமே. மேலே சொன்ன அந்த மந்தமான இணைப்பை இப்போது கையாளும் விதம் எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது: 3.11-இல் சேர்ந்த டைம்அவுட் என்ற பகுதிக்குள், பத்து வினாடி என்று குறிப்பிட்டு, கோரிக்கையின் தலைப்பு (ஹெடர்) வரிகளைப் படிக்கும் நிரல் முழுவதையும் வைத்துவிடலாம். நேரம் கடந்தால் எந்த வரியில் காத்துக்கொண்டிருந்தாலும் அது அங்கேயே ரத்தாகி, இணைப்பை மூடும் வேலை நம்மிடம் வரும். முன்பு, அந்தப் பகுதியைத் தனிச் செயற்கூறாகப் பிரிக்காவிட்டால், ஒவ்வொரு அழைப்பையும் தனித்தனியே வெயிட்_ஃபார் என்பதற்குள் பொதிய வேண்டியிருந்தது. ஒன்றை விட்டுவிட்டால் ஓட்டை அப்படியே இருக்கும். அதே பதிப்பில் வந்த டாஸ்க்குரூப்பும் இவ்வளவு முக்கியமானது. ஒரு கோரிக்கைக்காக இரண்டு மூன்று வேலைகளைச் சேர்த்துத் தொடங்கி, அவற்றில் ஒன்று பிழையில் முடிந்தால், மற்றவற்றை ரத்து செய்து, எல்லாம் அடங்கிய பிறகே அது வெளியே வருகிறது. தனியாக கிரியேட்_டாஸ்க் கொண்டு தொடங்கிய வேலைக்கு ஈவென்ட் லூப் வலுவற்ற சுட்டியைத்தான், அதாவது நினைவகத்திலிருந்து அது அழிக்கப்படுவதைத் தடுக்காத குறிப்பைத்தான், வைத்திருக்கும். நாமும் அதைப் பிடித்து வைக்காவிட்டால் அது பாதியிலேயே மறைந்துபோக வாய்ப்புண்டு. பின்னணி வேலைகளைப் பழைய நிரலிலிருந்து பெயர்த்து வைப்பவர்கள் அவசியம் படிக்க வேண்டிய எச்சரிக்கை இது.

குறை என்று சொன்னால், இந்தத் தொகுதி அரைகுறை மாற்றத்தைப் பொறுத்துக்கொள்ளாது. நூறு இணைப்புகள் ஒழுங்காக ஓடிக்கொண்டிருக்கும்போது, எங்கோ ஒரு மூலையில் லூப்புக்கு வழிவிடாத பழைய டேட்டாபேஸ் அழைப்பு ஒன்று அரை வினாடி எடுத்துக்கொண்டால், அந்த அரை வினாடியும் நூறு பேருக்கும் சர்வர் உறைந்து நிற்கும். இதைக் கண்டுபிடிக்க, பிழை தேடுவதற்கான டீபக் முறை கைகொடுக்கிறது: அதை இயக்கிவிட்டால், லூப்பை 100 மில்லிவினாடிக்கு மேல் பிடித்து வைக்கும் எந்தப் பணியும், எத்தனை வினாடி எடுத்தது என்ற கணக்கோடு பதிவேட்டில் வந்துவிடும். மாற்றத்தைத் தொடங்கும் நாளிலேயே இதை இயக்கி வைப்பது நல்லது.

அப்படிச் சிக்கும் வரிகளை 3.9-இல் வந்த டு_த்ரெட் மூலம் வேறு த்ரெட்டுக்குத் தள்ளலாம். சாதாரணக் கோப்புகளைப் படிப்பதற்கும் இதே வழிதான், ஏனெனில் ஈபோல் வட்டில் உள்ள கோப்புகளை ஏற்பதில்லை. இந்த த்ரெட் குழுவின் அளவு இயல்பாக 32-ஐத் தாண்டாது என்பதால், கோரிக்கைகளில் பெரும்பாலானவை அங்கேதான் போய் நிற்கும் என்றால் மாற்றத்தால் கிடைக்கும் ஆதாயம் குறைவு. படங்களைச் சுருக்குவது போன்ற கணக்கீட்டு வேலையே பிரதானமான சர்வருக்கும் நான் இதைப் பரிந்துரைக்க மாட்டேன். வேறு சேவைகளின் பதிலுக்காகவும், நீண்ட நேரம் திறந்திருக்கும் இணைப்புகளுக்காகவும் காத்திருக்கும் சர்வருக்கு இதைவிடப் பொருத்தமானது பைத்தானிலேயே குறைவு.

வெப் கோரிக்கைகளின் மொழியான எச்டிடிபியைப் புரிந்துகொள்ளும் பகுதி இதில் இல்லை. ஸ்டார்ட்_சர்வர் தருவது வெறும் பைட்டுகளின் ஓடை. தலைப்புகளைப் பிரிப்பது, உள்ளடக்கத்தின் நீளத்தைச் சரிபார்ப்பது எல்லாம் நம் தலையில். கற்பதற்காக எழுதலாம், பொதுமக்கள் தொடும் சர்வருக்கு எச்டிடிபி அறிந்த ஏஐஓஎச்டிடிபி அல்லது யுவிகார்ன் போன்ற ஒன்றை மேலே வைப்பதே சரி.

சர்வரை நிறுத்தும் விதம்தான் நெடுங்காலம் கவனிக்கப்படாமல் கிடந்தது. குளோஸ் என்று சொன்னால் புதிய இணைப்புகள் மட்டும் நிற்கும். திறந்திருக்கும் இணைப்புகளை மூடுவதற்கு, அவற்றின் பட்டியலை நாமே பராமரிக்க வேண்டியிருந்தது. 3.13-இல் குளோஸ்_கிளையண்ட்ஸ், அபார்ட்_கிளையண்ட்ஸ் என்ற இரண்டும் வந்துவிட்டதால், இன்று புதிதாக மாற்றம் செய்பவர்கள் அந்தப் பதிப்பிலிருந்தே தொடங்கினால் அந்தப் பட்டியலுக்கான நிரலை எழுதவே வேண்டியதில்லை.