செரோக்கியின் எரிபொருள் பம்ப்: பழுதுபார்ப்பதா, புதிது வாங்குவதா?

எங்களைப் போலவே பைப்பர் செரோக்கி என்ற சிறு விமானம் வைத்திருக்கும் நண்பர் ஒருவர், தம் எஞ்சின் எரிபொருள் பம்பின் வடிகுழாய் (பம்பில் கசிவதை வெளியே விடும் சிறு குழாய்) நனைந்திருப்பதாகச் சொல்லி, அதைப் பழுதுபார்க்கக் கொடுக்கலாமா, புதிதாகவே வாங்கிவிடலாமா என்று கேட்டிருந்தார். எங்கள் கூட்டு உரிமையிலுள்ள பைப்பர் செரோக்கி 180-இல் இரண்டையும் செய்து பார்த்தாயிற்று என்பதால் எழுதுகிறேன்.

மேல் இறக்கை கொண்ட செஸ்னா 172-இன் கார்புரேட்டர் மாடல்களில் எரிபொருள் தன் எடையாலேயே இறங்கிவிடும். செரோக்கியில் டேங்குகள் கீழ் இறக்கைகளில் இருப்பதால், எஞ்சின் இயக்கும் டயாஃப்ரம் (மேலும் கீழும் அசையும் ரப்பர் தகடு) பம்பும் அதற்குத் துணையான மின்பம்பும்தான் கதி. இதிலுள்ள லைகாமிங் ஓ-360 எஞ்சினுக்கு 0.5 முதல் 8 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு பவுண்டு) வரை எரிபொருள் அழுத்தம் அனுமதிக்கப்படுகிறது. 3 பிஎஸ்ஐ இருந்தால் நிம்மதி.

எங்கள் பழைய பம்ப் திருகுகளால் மூடப்பட்ட வகையைச் சேர்ந்தது. உரிமம் பெற்ற பணிமனை ஒன்று அதைப் பிரித்து, டயாஃப்ரத்தையும் வால்வுகளையும் மாற்றி, விமானத்தில் பொருத்தத் தகுதியானது என்பதற்கான 8130-3 என்ற அமெரிக்கச் சான்றுடன் திருப்பி அனுப்பியது. புறப்பட்டு உயரம் பிடித்தபின் மின்பம்பை அணைத்தாலும் அழுத்தமுள் அசையவில்லை. பல ஆண்டுகள் குறையின்றி உழைத்தது. பிறகு வடிகுழாயின் முனையில் நீலக்கறை தென்பட்டது. 100எல்எல் என்ற விமானப் பெட்ரோலுக்கு நீலச்சாயம் இட்டிருப்பதால், அங்கே நீலம் தெரிந்தால் டயாஃப்ரம் கிழிந்திருக்கிறது என்றும், எஞ்சின் ஆயில் வடிந்தால் சீல் தேய்ந்திருக்கிறது என்றும் பெரும்பாலும் ஊகிக்கலாம். அத்துடன் பறப்பது சரியல்ல. இம்முறை புதிய பம்பே வாங்கினோம்.

புதியதைப் பற்றிக் குறை சொல்ல ஒன்றுமில்லை. அழுத்தம் சீராக இருக்கிறது, வடிகுழாய் காய்ந்து கிடக்கிறது. ஆனால் அதன் விளிம்பை மடித்து அடைத்துவிட்டதால், திறந்து பார்க்கவோ, உள்ளே ஒரு ரப்பர் தகட்டை மட்டும் மாற்றவோ வழியில்லை. இதுதான் எனக்குத் தீராத எரிச்சல்.

விலை வித்தியாசத்தை வைத்து முடிவெடுப்பவர்கள் கூலியையும் கணக்கில் சேர்க்க வேண்டும். பம்ப் எஞ்சினின் பின்புறம், குழாய்களும் வயர்களும் நெருக்கியடிக்கும் இடத்தில் ஒளிந்திருக்கிறது. அதைப் பிடித்திருப்பவை இரண்டே போல்ட்டுகள்தாம் என்றாலும், ஸ்பானர் ஒவ்வொரு முறையும் இம்மியளவே திரும்பும். பொருத்தும்போது, பம்பை அசைக்கும் தள்ளுகோல் நழுவி இறங்காமலிருக்க, அதை இயக்கும் எக்சென்ட்ரிக் (மையம் விலகிச் சுழலும் சக்கரம்) தாழ்ந்த நிலைக்கு வரும்வரை எஞ்சினைச் சுற்றிவைத்து, கோலில் கெட்டியான கிரீஸ் தடவி மேலே ஒட்டவைப்பது மெக்கானிக்குகளின் வழக்கம். அமெரிக்க விதிகளின்படி உரிமையாளர் தானாக இதை மாற்ற முடியாது. உரிமம் பெற்ற மெக்கானிக்கின் நேரடி மேற்பார்வையில் வேலை செய்யலாம். என்னைப் பெரும்பாலும் டார்ச் பிடிக்கத்தான் விடுகிறார்கள். பழுதுபார்த்ததோ புதியதோ, இந்த வேலைக்கு ஆகும் கூலி ஒன்றே. எனவே பழுதுபார்த்ததில் மிச்சமாகும் பணம் பெரிதாகத் தோன்றுவதில்லை. அது சீக்கிரம் கசிந்துவிட்டால் இன்னொரு கூலியில் அந்த மிச்சமும் கரைந்துவிடும்.

ஆகவே நண்பருக்கு நான் சொல்வது: புதியதையே வாங்குங்கள். ஆனால் எனக்கு அடுத்த முறை தேவைப்பட்டால், திறந்து பார்க்க முடிகிற, திருகு வைத்த பழைய பம்ப் ஒன்றை நல்ல பணிமனையில் புதுப்பித்து, சான்றுடன் வாங்கிப் பொருத்தவே பார்ப்பேன். கணக்குப் போட்டால் இது வீண்செலவு என்று எங்கள் கூட்டாளிகள் சொல்வார்கள். மறுக்க என்னிடம் பதிலில்லை.