செர்ரி மரத் துடுப்பு: மூன்று கோடைக்குப் பிறகு

இந்தத் துடுப்பை கனடாவின் ஒன்ராறியோவில் ஒரு சின்னக் கடையில் 180 டொலருக்கு வாங்கினேன். ஓட்டர்டெயில் என்பது இதன் பெயர். நீரைத் தள்ளும் தட்டையான அலகு, நீர்நாயின் வாலைப் போல நீண்டு ஒடுங்கிப் போகும். அதுவரை வாடகைக் கனூவோடு (ஒடுக்கமான சின்னத் துடுப்புப் படகு) கொடுக்கிற அகலமான பிளாஸ்டிக் துடுப்பைத்தான் பிடித்திருந்தேன்.

இதன் அருமை தனியாகப் போகும்போதுதான் தெரியும். இருவர் கனூவில் ஒருவர் மட்டும் பின் இருக்கையில் உட்கார்ந்தால் முன்பக்கம் தூக்கிக்கொள்ளும், காற்று அதைத் தன் இஷ்டத்துக்குத் திருப்பும். அதனால் கனூவின் பின்பக்கம் முன்னால் வரும்படி திருப்பி வைத்து, நடுவுக்குச் சற்றுப் பின்னால் மண்டியிட்டு, துடுப்புப் போடும் பக்கமாக உடம்பைத் தள்ளி வைப்பேன். கனூ சாயும். நீரைத் தொடும் நீளம் குறைவதால் சொன்ன பக்கம் திரும்பும். ஒன்ராறியோவிலுள்ள அல்கோன்குயின் பூங்காவின் வழிகாட்டி ஓமர் ஸ்ட்ரிங்கர் இப்படித்தான், விளிம்பு நீரைத் தொடுகிற அளவுக்குச் சாய்த்து ஓட்டிப் பேர் பெற்றார்.

வலப்பக்கமே துடுப்புப் போட்டால் கனூ இடப்பக்கம் திரும்பும். அதைச் சரிசெய்ய, ஒவ்வொரு இழுப்பின் முடிவிலும் மேல் கையின் கட்டைவிரலைக் கீழே திருப்பி, அலகால் நீரை வெளியே லேசாகத் தள்ள வேண்டும். இதை ஜே (J) இழுப்பு என்பார்கள். பிளாஸ்டிக் துடுப்பில் இதைச் செய்தால் சளக்கென்று சத்தம் வரும், மணிக்கட்டும் இழுக்கும். ஓட்டர்டெயிலின் மெல்லிய ஓரம் நீரில் வழுக்கிப் போகிறது. அப்புறம் அடுத்த படி: துடுப்பை வெளியே எடுக்காமலே, அலகைக் கத்தி போலத் திருப்பி நீருக்குள்ளேயே முன்னால் கொண்டுவருவது. பிடி உள்ளங்கையில் உருளும். ஒரு சொட்டு விழும் சத்தம்கூட இருக்காது. இது கைவர எனக்கு ஒரு முழுக் கோடை பிடித்தது. போன செப்டம்பரில் ஸ்மோக் ஏரியில், காலைப் பனிமூட்டத்தில், கரையில் தேநீர் வைத்துக்கொண்டிருந்த மகளுக்குப் பின்னால் போய் நின்றேன். நான் கூப்பிடும் வரை அவளுக்குத் தெரியவில்லை.

தண்டு கொஞ்சம் வளைந்து கொடுக்கிறது. கிடங்கில் பெட்டி தூக்கித் தேய்ந்த தோள் எனக்கு. நாள் முழுக்கத் துடுப்புப் போட்ட பிறகும் இரவில் நோகவில்லை. இந்த ஒன்றுக்காகவே கொடுத்த காசு தகும்.

குறைகளும் உண்டு. முதல் கோடையிலேயே நுனியில் வார்னிஷ் உரிந்தது. இப்போது ஒவ்வொரு வசந்தத்திலும் தேய்த்துப் புதிதாகப் பூசுகிறேன். பிடியில் பூசியிருந்த வார்னிஷ் கையில் கொப்புளம் போட்டது, அதைச் சுரண்டிவிட்டு ஆளி விதை எண்ணெய் தடவினேன், சரியாகிவிட்டது. முழங்கால் ஆழத் தண்ணீரில் நீண்ட அலகு கல்லில் இடிக்கும். வேகமான ஆற்றுக்கு இது வேண்டவே வேண்டாம். ஆழமான ஏரிக்குத்தான்.

வாங்குகிறவர்கள் நின்றபடி அளவு பார்க்காதீர்கள். கடைத் தரையில் மண்டியிட்டு, பிடியைத் தரையில் ஊன்றிப் பாருங்கள். தண்டும் அலகும் சேருமிடம் நாடிக்கும் மூக்குக்கும் இடையில் வர வேண்டும். ஐந்தடி ஆறங்குலம் உயரமான எனக்கு 60 அங்குலம் பொருந்தியது. என் மகளுக்கு இது நீளம். அவளுக்கு வேறொன்று பார்த்துக்கொண்டிருக்கிறேன்.